நாயோடு ஒர்வியேத்தோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒர்வியேத்தோ, இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் ஒரு பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கும் பழைய ஊர். நாங்கள் ம்யூனிக்கில் வசிக்கிறோம். எங்கள் வீட்டு நாய் மணி, கலப்பினம், 22 கிலோ. அவனோடு அங்கே இரண்டு முறை போய்வந்தோம், ஒருமுறை காரில், ஒருமுறை ரயிலில். அதிலிருந்து, நாய் வளர்க்கும் நண்பர்கள் போனில் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இத்தாலியில் மலையூர்களுக்கா பஞ்சம்? ஏன் ஒர்வியேத்தோ?

முதல் காரணம் ரயில். பல மலையூர்களுக்குப் பேருந்து மாறிப் போக வேண்டும், நாயோடு அது தலைவலி. ஒர்வியேத்தோவுக்கு ரோமிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பிவட ரயில் மேலே ஏற்றிவிடுகிறது.

இரண்டாவது, இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பாதி வெளியில்தான் இருக்கிறது. ஊரே தூஃபோ என்னும் கல்லின் மேல் நிற்கிறது, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான கல். சுற்றிலும் செங்குத்தாக வெட்டிவிட்டாற்போல் பாறைச் சுவர். கிறிஸ்துவுக்கு முன்பே, ரோமானியர்களுக்கும் முந்தைய இத்தாலிய இனமான எத்ருஸ்கர்கள் இங்கே வெல்ஸ்னா என்ற நகரைக் கட்டி வாழ்ந்தார்கள். கி.மு. 264-இல் ரோமானியர்கள் அதை அழித்தார்கள். அந்தப் பாறையைப் பார்க்க டிக்கெட்டும் கிடையாது, நாய் வரக்கூடாது என்ற பலகையும் கிடையாது.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர். ஏன் என்று கேட்டால், மற்ற மாதங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வில்லன் இருக்கிறான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பைன் மரத்துக் கம்பளிப்பூச்சி. மே, ஜூனில் காய்ந்த புல்லின் முள். ஜூலை, ஆகஸ்டில் வெயில். அக்டோபரிலும் வேட்டைக்காரர்கள் உண்டு, ஆனால் அவர்களுக்கு அட்டவணை இருக்கிறது, பூச்சிக்கு அது கிடையாது. ஒவ்வொன்றாகக் கீழே சொல்கிறேன்.

வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய் என்றால் இரண்டு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, பெந்தெகொஸ்தே ஞாயிறு, ஈஸ்டருக்குப் பின் வரும் ஏழாவது ஞாயிறு. அன்று பேராலயச் சதுக்கத்தில் ‘லா பலொம்பெல்லா’ என்ற புறாத் திருவிழா நடக்கும், வெடி வெடிக்கும். இன்னொன்று டிசம்பர் 31. ஆண்டுக் கடைசியில் ஜாஸ் இசைவிழாவும் சேர்ந்துகொள்வதால் தெருவில் கால்வைக்க இடமிருக்காது.

நாய்க்கு என்ன காகிதம் வேண்டும்?

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்குச் சுலபம். மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, இரண்டும் பதிவான செல்லப்பிராணி பாஸ்போர்ட், அவ்வளவுதான். சிப் முதலில், ஊசி பிறகு. வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது. முதல்முறை ஊசி என்றால் அதன்பின் 21 நாள் காத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து பாஸ்போர்ட்டும் செல்லும்.

லண்டன், பர்மிங்காம் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பழைய பாஸ்போர்ட் உதவாது. புறப்படுவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும் என்பதுதான் எரிச்சல்.

சென்னையிலிருந்து எங்கள் நாயைக் கூட்டிவர முடியுமா?

முடியும். ஆனால் பத்து நாள் சுற்றுலாவுக்கு என்றால் வேண்டாம் என்பேன். ரேபிஸ் விஷயத்தில் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தின் சலுகைப் பட்டியலில் இல்லை, இலங்கையும் இல்லை. அதனால் சிப், ஊசி முடிந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச்சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருப்பு. இதெல்லாம் போக அரசுச் சான்றிதழ், விமானத்தின் சரக்கறைப் பயணம். கூட்டிப்பார்த்தால் நான்கு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். வேலை மாறி நிரந்தரமாக வருபவர்கள் செய்யலாம். மற்றபடி நாயைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், அதற்கும் அதுதான் பிடிக்கும்.

ரயிலில் பெரிய நாயை ஏற்றுவார்களா?

ஏற்றுவார்கள். இத்தாலிய அரசு ரயிலில் பைக்குள் அடங்கும் சின்ன நாய்க்குக் கட்டணமில்லை. 70க்கு 30க்கு 50 சென்டிமீட்டருக்குள் பை இருக்க வேண்டும். பெரிய நாய்க்கு, ஒர்வியேத்தோ வரும் ‘ரெஜோனாலே’ என்னும் வட்டார வண்டிகளில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் பாதி. கழுத்தில் கயிறு, வாயில் வாய்க்கூடை, கடைசிப் பெட்டியின் வாசல் பக்கம் நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாய்தான்.

பலரும் கோட்டைவிடும் விதி ஒன்று இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் 9 வரை இந்த வண்டிகளில் பெரிய நாய்களுக்கு அனுமதி இல்லை. ஆபீஸ் கூட்டத்துக்காக வைத்த விதி. ‘வெயிலுக்கு முன்னால் போய்விடலாம்’ என்று விடியற்காலையில் கிளம்பினால் இதில்தான் மாட்டுவீர்கள்.

காரில் வந்தால்?

ஏ1 நெடுஞ்சாலையில் ஒர்வியேத்தோ என்றே ஒரு வெளிவழி இருக்கிறது. ஊருக்குள் வண்டியை விடாதீர்கள். பழைய தெருக்களில் வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அபராதம் வீடு தேடி வரும். பாறையின் மேற்கு ஓரத்தில் ‘காம்போ தெல்லா ஃபியேரா’ வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் போக நகரும் படிக்கட்டும் லிஃப்டும் உண்டு. நாயை நகரும் படியில் ஏற்றவே கூடாது, படியின் பல்லிடுக்கில் நகம் சிக்கினால் பாதமே போய்விடும். லிஃப்டில் போங்கள்.

இத்தாலியில் காருக்குள் ஒன்றுக்கு மேல் நாய் இருந்தால் கூண்டோ தடுப்பு வலையோ கட்டாயம்.

அந்தக் கம்பிவட ரயில் நாய்க்குப் பயமாக இருக்காதா?

இரண்டு நிமிடப் பயணம்தான். 1888-இல் தொடங்கியபோது தண்ணீரின் எடையால் ஓடியது. மேலே இருக்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், அது இறங்கும் கனத்தில் கீழ்ப்பெட்டி மேலே வரும். 1970-இல் நின்றுபோய், 1990-இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது.

மணி முதல்முறை தரை சாய்வதை உணர்ந்ததும் நான்கு காலையும் அகட்டி நின்றுகொண்டான், படகில் முதல்முறை ஏறியவன் மாதிரி. நடுவழியில் சுரங்கம் வந்து இருட்டியபோது என் முழங்காலுக்கு இடையில் மூக்கை நுழைத்தான். வெளிச்சம் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் சன்னலைப் பார்த்தான். கூட்டமான பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவது நல்லது, சீக்கிரமே வந்துவிடும்.

ஊருக்குள் கயிறு கட்டாயமா? வாய்க்கூடை?

வாய்க்கூடை என்றதும் பயந்துவிடாதீர்கள். ஊரில் கன்றுக்குட்டிக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. இத்தாலியில் பொது இடத்தில் கயிறு ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. வாய்க்கூடையை மாட்டியே நடக்க வேண்டியதில்லை. கையில் வைத்திருந்து, தேவைப்பட்டாலோ அதிகாரி கேட்டாலோ மாட்ட வேண்டும். இழுத்தால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஒர்வியேத்தோவில் இதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஊர் விளிம்பில் இடுப்பளவுச் சுவர், அதற்கப்பால் சில இடங்களில் 50 மீட்டர் அளவுக்கு வெறும் பாறை. சான் ஜோவெனாலே தேவாலயத்துப் பக்கம் நாங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவரின் மறுபக்கத்திலிருந்து ஒரு புறா பட்டென்று எழும்பியது. மணி முன்னங்கால் இரண்டையும் சுவர்மேல் போட்டுவிட்டான், பின்னங்கால் எம்பத் தயார். கயிறு கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததால் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, புறாவைக் காட்டியதே நான்தான் என்று.

எச்சத்தை அள்ளப் பை வேண்டும். இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேராலயத்துக்குள் விடுவார்களா?

விடமாட்டார்கள். இருவராகப் போனால் முறைவைத்துப் பாருங்கள். உள்ளே லூக்கா சிஞ்ஞொரெல்லி வரைந்த இறுதித் தீர்ப்புச் சுவரோவியங்கள் இருக்கின்றன. 1499 முதல் 1504 வரை வரைந்தவை, உடம்பும் தசையுமாகக் கூரைவரை நெருக்கியடிக்கும். அவற்றைப் பார்க்காமல் வரக்கூடாது.

வெளியே காத்திருப்பவருக்குத்தான் கூடுதல் லாபம் என்பது என் கட்சி. 1290-இல் தொடங்கிய கோயில் இது. பக்கச் சுவர்களில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறிமாறி வரி போட்டிருக்கும். முகப்பில் கட்டடக் கலைஞர் லொரென்ஸோ மைத்தானி காலத்துப் பளிங்குச் சிற்பங்கள் தரையிலிருந்தே தொடங்குகின்றன. இடப்பக்கத் தூணில் ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் வருகிறாள், வலக்கோடித் தூணில் நரகத்தில் பிசாசுகள் ஆட்களைக் கடிக்கின்றன. நாயை நிழலில் உட்காரவைத்து அரை மணி நேரம் நிதானமாகப் படிக்கலாம், கதைப்புத்தகம் மாதிரி.

பக்கத்திலேயே மணிக்கூண்டில் ‘மவுரீட்ஸியோ’ என்ற வெண்கல ஆள் நின்று சுத்தியலால் மணி அடிப்பான். எங்கள் மணி ஒவ்வொரு அடிக்கும் ஒரு குரைப்பு கொடுத்தான். சதுக்கத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

புனித பத்ரிசியார் கிணறு? நாய்க்கு அது சரிப்படுமா?

அந்தக் கிணற்றின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், விலங்குகள் இறங்கி ஏறுவதற்கென்றே வடிவமைத்த கிணறு அது. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டது. போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி ஒர்வியேத்தோவுக்கு வந்தார். பாறைமேல் ஊர், எதிரிக்கு ஏறுவது கஷ்டம், ஆனால் முற்றுகை போட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது? இளைய அந்தோனியோ தா சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டுக் கிணறு தோண்டச் சொன்னார். 1537-இல்தான் வேலை முடிந்தது. போப் 1534-இலேயே இறந்துவிட்டார், அதன் தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஆழம் 53 மீட்டர், அகலம் 13 மீட்டர். நடுவில் வெளிச்சம் இறங்கும் குழாய், அதைச் சுற்றி ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள் பாதைகள். ஒவ்வொன்றிலும் 248 படி. கோவேறு கழுதைகள் ஒரு வாசலில் நுழைந்து காலிக் குடத்தோடு இறங்கும், அடியில் சின்னப் பாலத்தில் கடந்து, நிறைகுடத்தோடு மறு பாதையில் ஏறி வேறு வாசலில் வெளியே வரும். இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளவே முடியாது. கழுதை நடக்க வேண்டும் என்பதால் படிகள் அகலமாகவும் தணிவாகவும் இருக்கும்.

கழுதைக்குச் சரி, நாய்க்கு? நாங்கள் இங்கேயும் முறைவைத்துத்தான் போனோம். அடியில் ஈரம், குளிர், ஏறும்போது மூச்சு வாங்கும், வயதான நாய்க்கு இடுப்பு தாங்காது. காத்திருப்பவருக்குப் பக்கத்திலேயே எத்ருஸ்கர் கோயிலின் அடித்தளம் திறந்த வெளியில் கிடக்கிறது. சற்றுத் தள்ளி அல்போர்னோஸ் கோட்டைப் பூங்கா. மரநிழல், பெஞ்சு, பள்ளத்தாக்கு, எல்லாம் உண்டு. ஊரில் நாய்க்குப் பிடித்த இடம் எது என்றால் இந்தப் பூங்காதான்.

நிலத்தடிக் குகைகள்?

பாறைக்குள் 1,200க்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு சிலவற்றைப் பார்க்கலாம். சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுர மாடங்கள், அகல்விளக்கு வைப்பதற்கு என்று நினைத்தேன். புறாக்கூடுகளாம். கறிக்கு வளர்த்திருக்கிறார்கள். நாயோடு போவதற்கு இடுக்கான படிக்கட்டு ஏற்றதல்ல.

அப்படியென்றால் நாயோடு சேர்ந்து என்னதான் செய்வது?

பாறையைச் சுற்றி நடப்பது. ‘அனெல்லோ தெல்லா ரூப்பே’ என்று பெயர், பாறை மோதிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறைச் சுவரின் அடியை ஒட்டி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் மண்பாதை. ஊர் வாசல்கள் சிலவற்றிலிருந்து இறங்கிச் சேரலாம். மோப்பம் பிடித்துப் பிடித்து நடந்ததில் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

ஒரு பக்கம் மஞ்சளும் செம்மண் நிறமுமாகப் பாறை தலைக்குமேல் எழுந்து நிற்கும், மறுபக்கம் ஆலிவ் தோப்பும் திராட்சைத் தோட்டமும். மேலே ஊர் இருப்பதே மறந்துபோகும், திடீரென்று தேவாலய மணி கேட்கும்வரை. வடக்குப் பக்கம் வரும்போது ‘க்ரொச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ’ என்னும் எத்ருஸ்கர் இடுகாடு. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கல்வீடுகள் மாதிரி வரிசையாகக் கட்டிய கல்லறைகள், வாசல்நிலையில் குடும்பப் பெயர் வெட்டியிருக்கும். நம் தெருவில் வீட்டுப் பெயர்ப் பலகை இருக்குமே, அதேதான்.

பேராலயத்தை மட்டும் பார்த்துவிட்டு மூன்று மணி ரயிலைப் பிடிப்பவர்கள் இந்தப் பாதைக்கு வருவதில்லை. மணி இல்லாவிட்டால் நாங்களும் வந்திருக்க மாட்டோம்.

வெயில், தண்ணீர்?

கோடை மதியத்தில் கல் பாவிய தெரு தோசைக்கல். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து வினாடி தாங்கவில்லை என்றால் நாயை நடத்தக்கூடாது. பதினொன்று முதல் ஐந்து வரை அறையில் இருங்கள், உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். குழாயில் ‘நோன் பொத்தாபிலே’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் இல்லை.

சாப்பிடப் போகும்போது?

சமையலறைக்குள் விலங்கு கூடாது, சாப்பாட்டுக் கூடத்தில் கடைக்காரர் இஷ்டம். பெரும்பாலும் சரி என்பார்கள், தண்ணீர்க் கிண்ணமும் தானாகவே வரும். ‘போஸ்ஸோ என்ட்ராரே கோல் கானே?’, நாயோடு வரலாமா என்று வாசலிலேயே கேளுங்கள். நாய்ப் படம் போட்டு ‘இயோ ரெஸ்தோ ஃபுவோரி’ என்றிருந்தால், ‘நான் வெளியில் இருக்கிறேன்’ என்று நாயே சொல்வதாக அர்த்தம்.

உம்ப்ரிக்கெல்லி என்ற தடித்த நூடுல்ஸ் மாதிரிப் பாஸ்தா, ட்ரஃபிள் காளான் சீவிப்போட்டது, கூடவே உள்ளூர் வெள்ளை ஒயின். காட்டுப்பன்றிக் குழம்பும் இந்தப் பக்கம் பிரபலம். அதன் வெந்த எலும்பை மேசைக்கடியில் போடாதீர்கள், சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். அறுவடைக் காலத்தில் தோட்ட ஓரம் உதிர்ந்து கிடக்கும் திராட்சையும் நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைத் தாக்கும்.

தங்குமிடம் எப்படிப் பிடிப்பது?

எடையைச் சொல்லிப் பிடியுங்கள். ‘விலங்குகளுக்கு அனுமதி’ என்று போட்டிருந்த இடத்தில் பணம் கட்டிவிட்டுப் போய் நின்றோம். மணியைப் பார்த்ததும் அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டார். ‘தாலியா பிக்கோலா’, சின்ன அளவு நாய் மட்டும்தானாம். இரவு எட்டு மணிக்கு அடிவாரத்தில் வேறு அறை தேடினோம். இப்போதெல்லாம் படத்தோடு, கிலோவோடு எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துகிறேன். கீழ்த்தளம் கேளுங்கள், பழைய வீடுகளில் லிஃப்ட் அரிது.

எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்?

புல் முள்ளுக்கு. ‘ஃபொரசாக்கி’ என்பார்கள், காய்ந்த புற்கதிரின் முள். வேட்டியில் ஒட்டும் ஒட்டுப்புல்லின் பெரியண்ணன். நாயின் காது, மூக்கு, விரலிடுக்கில் ஏறினால் முன்னோக்கி மட்டுமே நகரும், பின்னால் வராது. நடந்து வந்ததும் ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். திடீரென்று தொடர்ந்து தும்மினாலோ, தலையை ஒருபக்கம் சாய்த்து ஆட்டினாலோ நேரே மருத்துவரிடம் போக வேண்டும். ‘வெத்தெரினாரியோ’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

மணல் ஈக்கு. மே முதல் அக்டோபர் வரை, அந்தி சாய்ந்ததும் பறக்கும். கடித்தால் லீஷ்மேனியா நோய் வரலாம், நாய்க்கு அது ஆயுள்தண்டனை மாதிரி. மணல் ஈயை விரட்டும் மருந்துப்பட்டையைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள், இரவில் அறைக்குள் படுக்க வையுங்கள். அக்டோபரிலும் இது வேண்டும்.

கம்பளிப்பூச்சிக்கு. பைன் மரத்தில் வெள்ளைப் பஞ்சு மூட்டை தொங்கினால் அந்த வழியே போகாதீர்கள். ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். நாய் முகர்ந்தாலே போதும், நாக்கு வீங்கிச் சில நேரம் அழுகியே போய்விடும். தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவி உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மனிதனுக்கும்தான். ட்ரஃபிள் தேடும் காடுகளில் போட்டியாளரின் நாயைக் கொல்ல விஷ உருண்டை வைக்கும் பாவிகள் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. காட்டுப்பாதையில் கீழே கிடப்பது எதையும் தின்னவிடாதீர்கள். வேட்டைக் காலம் செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு முதல் ஜனவரி முடிய. செவ்வாயும் வெள்ளியும் இத்தாலி முழுக்க வேட்டைக்கு விடுமுறை, காட்டு நடையை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வேறெங்கே போகலாம்?

பொல்சேனா ஏரி, காரில் அரை மணி நேரம். எரிமலை வாய் இடிந்து உண்டான ஏரி, கறுப்பு மணல், நீந்தத் தெரிந்த நாய்க்குச் சொர்க்கம். கோடையில் குளிக்கும் கரைகளில் நாய்க்குத் தடைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள்.

சிவிதா தி பாஞ்ஞொரேஜோவை எல்லோரும் சொல்வார்கள், மண் அரித்துக் கரைந்துவரும் குன்றின்மேல் நிற்கும் குட்டி ஊர். நடைபாலம் ஒன்றுதான் வழி, கடைசியில் நல்ல ஏற்றம், நிழல் துளியும் இல்லை. வெயில் காலத்தில் வேண்டாம். நாங்கள் போனபோது எதிரே பெரிய கூட்டம் வந்தது. ஒதுங்க இடமில்லாமல் மணியை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு நின்றேன், 22 கிலோவையும். வந்தவர்களில் பாதிப்பேர் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு எங்களைத்தான் படம் எடுத்தார்கள்.